மூடிய தட்டிக்கு வெளியே



சில ஆண்டுகளுக்கு முன் புனே நகரின் கட்கிப் பகுதியில் நம் அன்பர்கள் கூடிய ஒரு சத்சங்கத்திற்குச் சென்றிருந்தேன். கட்கியிலும் அதற்கு அப்பால் உள்ள தேஹு ரோட்டிலும் இராணுவக் கிடங்குகளையும் தொழிற்சாலைகளையும் நம்பித் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. வாசலில் கோலம், உள்ளே மராத்திப் பேச்சு, பூஜை அறையில் முருகனும் விட்டலனும் அருகருகே. அத்தகைய இல்லம் ஒன்றிலிருந்து வந்த தாயார், மங்கள ஆரத்தி முடிந்து எல்லோரும் பிரசாதத்திற்கு நகர்ந்த பின்னும் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, பையன் பதினொன்றாம் வகுப்பு. இரண்டு மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தால் பாதி அப்படியே திரும்பி வருகிறது. கோயிலுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை. எந்த ஸ்தோத்திரம் சொன்னால் சரியாகும்?"

நான் ஒரு ஸ்தோத்திரத்தைச் சொன்னேன். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விளக்கேற்றிப் பாராயணம் செய்யுங்கள் என்றும் சொன்னேன். அந்த அம்மையார் கண்களில் ஒற்றிக்கொண்டு போனார். எனக்கும் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு. அன்றிரவு நன்றாக உறங்கினேன் என்பதை இன்று வெட்கத்தோடு எழுதுகிறேன். அந்தப் பிள்ளை உறங்குகிறானா என்று நான் கேட்கவில்லை. அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் அன்பர்கள் என்னை ஆளந்திக்கு அழைத்துச் சென்றார்கள். இந்திராயணி நதிக்கரையில், ஞானேஸ்வர் மகராஜ் 1296ஆம் ஆண்டு ஜீவசமாதி கொண்ட தலம் அது. ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் அவருடைய பாதுகைகளைப் பல்லக்கில் ஏற்றி, புனே நகர் வழியாகப் பண்டரிபுரத்துக்கு இலட்சக்கணக்கான வாரகரிகள் நடந்தே செல்வது இங்கிருந்துதான். பதினைந்து வயதில், 1290இல், நேவாசே என்னும் ஊரில் பகவத்கீதைக்கு மராத்தியில் பேருரை சொன்னவர், இருபத்தோரு வயதில் சமாதியில் அமர்ந்தார். நாம் அவரை 'ஞானியரின் அரசர்' என்று வணங்குகிறோம். அவருடைய வாழ்வில் பெரும்பகுதி, இன்றைய கணக்கில், பதின்பருவமே என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்தப் பதின்பருவம் எப்படிக் கழிந்தது? தந்தை விட்டலபந்த் காசிக்குச் சென்று துறவு பூண்டு, பின் குருவின் கட்டளையால் இல்லறத்துக்குத் திரும்பியவர். சந்நியாசியின் பிள்ளைகள் என்று ஊரார் அந்தக் குடும்பத்தைத் தள்ளிவைத்தனர். பிராயச்சித்தம் என்ன என்று கேட்டதற்கு, உடலை விடுவதே வழி என்று பண்டிதர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். பிள்ளைகளாவது ஊரோடு சேரட்டும் என்று பெற்றோர் இருவரும் புனித நதியில் உயிர் நீத்தனர் என்பது மரபு. நிவிருத்தி, ஞானதேவர், சோபானர், முக்தாபாய் என்னும் நால்வரும் அநாதைகளாயினர். அதன் பின்னும் ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை; சுத்திப் பத்திரம் வேண்டிப் பைத்தானம் வரை நடக்க வேண்டியிருந்தது. தர்மத்தைக் காப்பதாக எண்ணிக்கொண்டே நான்கு குழந்தைகளைத் தெருவில் நிறுத்திய அந்தப் பெரியவர்களும் பக்திமான்களே. இதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

அந்த நாட்களில் நடந்ததாக மகாராஷ்டிர மக்கள் இன்றும் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று. வெளியே சென்ற ஞானதேவரை யாரோ பழித்துப் பேசினார்கள். அவர் வீடு திரும்பினார். குடிசையின் தட்டிக் கதவைச் சாத்திக்கொண்டார். நாம் மூங்கில் தட்டி என்கிறோமே, அதைப் போன்றதுதான். மராத்தியிலும் 'தாட்டி' என்றே பெயர். உள்ளே அமர்ந்தவர் பேசவில்லை, வெளியே வரவில்லை. அண்ணன்மாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது அவரைவிட நான்கு வயது இளைய தங்கை முக்தாபாய் அந்தத் தட்டிக்கு வெளியே நின்றாள். கதவைத் திற என்று பாடத் தொடங்கினாள். அந்தப் பாடல்களின் தொகுப்புக்கே 'தாட்டீசே அபங்கம்', அதாவது தட்டிக் கதவின் அபங்கங்கள் என்று பெயர் நிலைத்துவிட்டது.

தத்துவ உரையாளர்கள் அந்தத் தட்டிக்கு அவித்தை என்றும், ஆணவ மலம் என்றும் பொருள் விரிப்பார்கள். விரிக்கட்டும். நான் அதைத் தட்டியாகவே பார்க்க விரும்புகிறேன். உள்ளே, பெற்றோரை இழந்து, ஊராரால் இழிக்கப்பட்டு, ஒரு விடலைப் பிள்ளை. வெளியே ஒரு சிறுமி. அவள் கதவை உடைக்கவில்லை. 'நாங்களும்தானே அநாதைகள், நீ மட்டும் ஏன் இப்படி?' என்று பழிக்கவில்லை. 'போய் ஜபம் பண்ணு' என்று சொல்லவும் இல்லை. அவனுடைய பெருமையை அவனுக்கே நினைவூட்டினாள். கோபம் உனக்கு ஒவ்வாதது என்றாள். திற, திற என்று கெஞ்சினாள். திறக்கும் வரை அங்கிருந்து நகரவில்லை. ஆளந்தியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, முந்தின நாள் மாலை தூணோரமாக நின்ற தாயாரின் முகம் என் முன் வந்து நின்றது.

நம் முன்னோர் இந்த வயதைக் கவனியாமல் இருக்கவில்லை. பெண்ணின் பருவங்களைப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை என்று வகுத்தது போல ஆணின் பருவங்களையும் பாட்டியல் நூலோர் வகுத்தனர். ஏழு வயது வரை பாலன், பத்து வரை மீளி, பதினான்கு வரை மறவோன் என்று ஆண்டுகளைத் தொகுதியாகச் சொல்லி வந்தவர்கள், பதினைந்து வயதுக்கு மட்டும் திறலோன் என்றும் பதினாறுக்கு மட்டும் காளை என்றும் தனித்தனிப் பெயர் சூட்டினார்கள். பிறகு முப்பது வரை விடலை. ஓர் ஆண்டுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்த அளவுக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் பிள்ளை மாறிவிடுகிறான் என்பதை அவர்கள் கண்டிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்க உளநூலார் ஸ்டான்லி ஹால் இந்தப் பருவத்தைப் பற்றி இரண்டு பெரும் தொகுதிகள் எழுதி வெளியிட்டது 1904இல்தான்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்றார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவற்றுள் எதையும் அவர் நோய் என்று தள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அழுகையும் அச்சமும் வெகுளியும், நகையும் உவகையும் போலவே, உயிருள்ள மனிதனின் உடலில் வெளிப்படுபவை. நாமோ வீட்டில் 'ஆம்பிளைப் பிள்ளை அழலாமா?' என்று ஒன்றை மூடுகிறோம்; 'பெண் பிள்ளைக்கு இவ்வளவு கோபமா?' என்று மற்றொன்றை மூடுகிறோம். சத்சங்கத்தில் 'சாதகனுக்குப் பயமா?' என்று மூன்றாவதையும் மூடிவிடுகிறோம். மூடியது உள்ளே கொதிக்கிறது.

இந்த எட்டில் பதின்பருவத்துக்கு மிக நெருக்கமானது இளிவரல். தான் இழிக்கப்பட்டேன், சிறுமைப்பட்டேன் என்னும் உணர்வு. நாற்பது வயதில் ஒருவன் சொன்ன சுடுசொல்லை நாம் மறுநாள் காலைக் காப்பியோடு விழுங்கிவிடுகிறோம். பதினைந்து வயதில் அதே சொல் ஊசியாக இறங்குகிறது. மதிப்பெண் குறைந்ததனால் ஒரு பிள்ளை அழுகிறான் என்று நினைக்கிறோம். பல நேரங்களில் அந்த மதிப்பெண்ணைப் பக்கத்து வீட்டு மாமியின் முன்னால் அப்பா சத்தமாகப் படித்ததற்காகவே அழுகிறான். ஞானதேவரைத் தட்டிக்குள் தள்ளியதும் அந்த இளிவரலே.

இதற்கு உடலிலும் வேர் உண்டு. மூளையின் முன்பகுதி திட்டமிடுவது, பொறுத்துப் பார்ப்பது, விளைவை எண்ணுவது ஆகிய வேலைகளைச் செய்கிறது. அது முழுவளர்ச்சி பெற ஏறத்தாழ இருபத்தைந்து வயது ஆகிறது. உணர்ச்சிகளைக் கிளர்த்தும் உட்பகுதிகளோ பூப்பெய்தும் காலத்திலேயே வேகம் கொண்டுவிடுகின்றன. தேர்க்குதிரைகள் வந்துவிட்டன, சாரதி இன்னும் வழியில் இருக்கிறான் என்று கடோபநிஷதத்தின் தேர் உவமையை வைத்து நான் இளைஞர்களுக்குச் சொல்வதுண்டு. உறக்கமும் அப்படியே. இரவில் உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்னும் சுரப்பு இந்த வயதில் தாமதமாகவே சுரக்கத் தொடங்குகிறது. எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவைப்படும் பிள்ளை, பதினொரு மணி வரை கண் மூடாமல் கிடந்து, ஐந்து மணிப் பயிற்சி வகுப்புக்காக எழுப்பப்படுகிறான். பிரம்ம முகூர்த்தத்தில் எழவில்லை என்று நாமும் நம் பங்குக்குக் கடிந்துகொள்கிறோம்.

புனேயைக் 'கிழக்கின் ஆக்ஸ்போர்டு' என்று புகழ்வார்கள். 1885இல் தொடங்கிய ஃபெர்குசன் கல்லூரி முதல் இன்றைய பொறியியல், மருத்துவக் கல்லூரிகள் வரை, நாடெங்கும் இருந்து பிள்ளைகள் வந்து சேரும் நகரம். சதாசிவ பேட்டையின் சந்துகளில் வாடகை அறையும் மெஸ் சாப்பாடும் படிப்பகத்தில் ஒரு நாற்காலியுமாக எத்தனையோ இளைஞர் போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கிறார்கள். ஒவ்வொருவனுக்குப் பின்னாலும் எங்கோ ஓர் ஊரில் விற்கப்பட்ட நிலமோ அடகு வைத்த நகையோ இருக்கிறது. அந்தச் சுமையை அவனிடம் நாம் சொல்லாவிட்டாலும் அவன் அறிவான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையில், அந்த ஓராண்டில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட மாணவர்கள் 13,044 பேர் என்று பதிவாகியிருக்கிறது. மாநிலங்களில் முதலிடம் மகாராஷ்டிரம், 1,764. இரண்டாம் இடம் நம் தமிழ்நாடு, 1,416. துக்காராமும் ஞானதேவரும் பாடிய மண்ணும், ஆழ்வாரும் நாயன்மாரும் பாடிய மண்ணும். இதற்கு மேல் இந்த எண்களைப் பற்றி நான் எதுவும் எழுத விரும்பவில்லை.

புனேயில் ஏர்வாடா என்றொரு பகுதி இருக்கிறது. 1922 முதல் 1924 வரை மகாத்மா காந்தி அங்கே சிறையில் இருந்தார். தம் சத்திய சோதனையை அந்தச் சிறைவாசத்திலேயே எழுதி முடித்திருக்கக்கூடும், விடுதலை முன்னதாக வந்துவிட்டதால் இயலவில்லை என்று அந்நூலின் முன்னுரையில் குறிப்பிடுகிறார். அதில் தம் பதின்பருவத்தைப் பற்றி அவர் மறைக்காமல் எழுதிய இரண்டு நிகழ்ச்சிகளை நம் பெற்றோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும்.

முதலாவது. உறவுக்காரப் பையன் ஒருவனோடு சேர்ந்து சிறுவன் மோகன்தாஸ் திருட்டுத்தனமாகப் புகைபிடித்தான். அதற்காக வேலைக்காரரின் காசையும் எடுத்தான். பெரியவர்களின் அனுமதியின்றி எதுவும் செய்ய முடியாத வாழ்வு என்ன வாழ்வு என்று இருவருக்கும் வெறுத்துப் போயிற்று. இறந்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். காட்டில் நச்சு விதைகளைத் தேடி எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள்; விளக்குக்கு நெய் வார்த்து, தரிசனமும் செய்துவிட்டு, ஓர் ஒதுக்குப்புறத்தைத் தேடினார்கள். பிறகு துணிவு வரவில்லை. பிழைத்தார்கள். கோயிலில் அன்று அவர்களைப் பார்த்தவர்கள், 'எவ்வளவு பக்தியான பிள்ளைகள்!' என்று எண்ணியிருப்பார்கள். காரணம் என்னவோ நமக்கு அற்பமாகத் தோன்றுகிறது. ஆனால் இழக்க இருந்தது யாரை என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்விடத்தில் மகாத்மாவோடு நான் பணிவாக மாறுபட வேண்டியிருக்கிறது. தற்கொலை எண்ணுவதற்கு எளிது, செய்வதற்கு அரிது என்று உணர்ந்துகொண்டதாகவும், அதன் பின் யாரேனும் சாகப்போவதாக மிரட்டினால் அது தம்மை அவ்வளவாகப் பாதிப்பதில்லை என்றும் அவர் எழுதுகிறார். தம் அனுபவத்தை அவர் உண்மையாகச் சொன்னார். ஆயினும் அவருக்குப் பின் ஒரு நூற்றாண்டில் மருத்துவ உலகம் கற்றது வேறு. 'செத்துப் போகிறேன்' என்று சொல்லும் பிள்ளையின் சொல்லை ஒருபோதும் வெறும் மிரட்டலாகத் தள்ளலாகாது. சொன்னவர்களில் பலர் செய்திருக்கிறார்கள். இளையோரிடம் எண்ணத்துக்கும் செயலுக்கும் இடையே சில நிமிடங்களே இருக்கக்கூடும் என்பதையும் இன்று அறிவோம்.

இரண்டாவது நிகழ்ச்சி அவருக்குப் பதினைந்து வயதில் நடந்தது. அண்ணன் பட்ட கடனை அடைக்க, அண்ணனின் காப்பிலிருந்து ஒரு துண்டுப் பொன்னை வெட்டி எடுத்துவிட்டார். மனம் தாளவில்லை. தந்தையிடம் வாயால் சொல்லத் துணிவின்றி, ஒரு தாளில் எழுதி, தண்டனையும் வேண்டி, நடுங்கும் கையால் கொடுத்தார். நோயுற்றுப் பலகைக் கட்டிலில் கிடந்த தந்தை எழுந்து அமர்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாளை நனைத்தது. சிறிது நேரம் கண்ணை மூடினார், தாளைக் கிழித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். ஒரு சொல் பேசவில்லை. தந்தை சீறுவார், கடுஞ்சொல் சொல்வார், நெற்றியில் அறைந்துகொள்வார் என்று மகன் அஞ்சியிருந்தான். கரம்சந்த் காந்தி கோபக்காரர் என்று மகனே எழுதியிருக்கிறார் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை இன்று அப்படி ஒரு தாளை நீட்டினால் அதை நாம் முழுவதும் படித்து முடிப்போமா, முதல் வரியிலேயே குரல் எழுப்புவோமா?

இனி நம்மிடமே வருகிறேன். நம்மைப் போன்ற பக்தர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பிள்ளை சோர்ந்தால் அது பக்திக் குறைவு என்று கருதிவிடுகிறோம். 'தியானம் செய்பவனுக்கு மன அழுத்தம் வருமா?' என்று கேட்கிறோம். வரும். கீதையின் முதல் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். உடல் தளர்கிறது, வாய் உலர்கிறது, நடுக்கம் எடுக்கிறது, தோல் எரிகிறது, மனம் சுழல்கிறது, வில் நழுவுகிறது என்று அர்ஜுனன் ஒவ்வொன்றாகச் சொல்கிறான். பகவானே தேரில் அமர்ந்திருக்கும்போதுதான் இவ்வளவும் நேர்ந்தது. அடுத்து நிகழ்ந்ததைப் பலர் கவனிப்பதில்லை. பகவான் முதலில் சொன்னது ஒரு கடிந்துரை: இந்தப் பேடித்தனம் உனக்குத் தகாது, எழு. அது பலிக்கவில்லை! அர்ஜுனன் தன் துயரை மீண்டும் சொல்லி, உன் சீடன் நான் என்று சரணடைந்து, போர் செய்யேன் என்று வாய் மூடிவிட்டான். அதன் பிறகே பகவான் புன்னகை பூத்தவர் போல் உபதேசத்தைத் தொடங்குகிறார். ஜகத்குருவின் கடிந்துரையே ஒருவனை எழுப்பவில்லை என்றால், நம்முடையது எழுப்பிவிடுமா?

யோகவாசிட்டத்தில் வரும் இராமனும் பதினாறு நிரம்பாத பிள்ளை. தமிழில் ஆளவந்தார் பாடிய ஞானவாசிட்டத்தால் இக்கதை நம் மடங்களில் நன்கு பயின்றது. தீர்த்த யாத்திரை சென்று திரும்பிய இராமன் மெலிந்து போனான். உணவில் நாட்டமில்லை, பேச்சில்லை, கன்னத்தில் கை வைத்து அமர்ந்திருந்தான். தசரதன் மடியில் இருத்தி, என்ன கவலை என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லி மகன் மௌனமானான். (இந்த 'ஒன்றுமில்லை'யைக் கேளாத தந்தை இன்றும் உண்டா?) பிறகு விசுவாமித்திரர் அவையில் கேட்டபோது, இராமன் வாய் திறந்தான். செல்வம், ஆயுள், உடல், இளமை என்று எதிலும் சுவையில்லை எனச் சர்க்கம் சர்க்கமாகப் பேசினான். வசிட்டர், விசுவாமித்திரர், மன்னர், மந்திரியர் அடங்கிய அந்த மாபெரும் சபையில் ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அவன் முடித்த பின்னரே வசிட்டர் தொடங்கினார். உபதேசம் அத்தனை பெரிய நூல்; அதற்கு முன் கேட்டல் ஒரு பிரகரணம்.

ஒன்றை இங்கே தெளிவாக்க வேண்டும். இராமனுக்கு வந்தது வைராக்கியம் என்று நூல் சொல்கிறது. அதை வைத்து, அறையில் முடங்கிய பிள்ளைக்கெல்லாம் வைராக்கியம் வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அப்படி மகிழ்ந்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். வைராக்கியம் உள்ளவன் உலகப் பற்றை விடுகிறான், தன்னை வெறுப்பதில்லை. 'நான் எதற்கும் உதவாதவன்' என்று சொல்பவனிடம் பேசுவது நோய். இந்தியாவில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. உலக அளவில் 10 முதல் 19 வயதுள்ளோரில் ஏழு பேருக்கு ஒருவர் என்கிறது உலக சுகாதார அமைப்பு. நம் சத்சங்கப் பிள்ளைகள் இந்தக் கணக்குக்கு வெளியே பிறந்தவர்கள் அல்லர்.

ஏர்வாடாவைப் பற்றி இன்னொன்று. அங்கே பெரிய அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்று கேலி செய்வது போலவே புனேயில் 'ஏர்வாடா' என்று கேலி செய்வார்கள். இந்தக் கேலிக்கு அஞ்சியே எத்தனை குடும்பங்கள் மருத்துவரிடம் செல்லாமல் நிற்கின்றன! பெயர் ஒற்றுமையால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது நம் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. நேர்ந்துகொண்டு கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த ஒரு கொட்டகையில், 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை தீப்பிடித்தது. ஓடமுடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர், நம்பிக்கை உடையவர்கள். எந்த மதத்தின் வாசலிலும் இது நடந்திருக்கக்கூடும். பிரார்த்தனை மருத்துவருக்குத் துணை நிற்க வேண்டுமே அன்றி, அவருடைய நாற்காலியில் அமரக் கூடாது. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொண்டுதானே கோயிலுக்குப் போகிறோம்?

என்ன பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு நாள் முகவாட்டம் வயதின் இயல்பு. அதைத் துருவ வேண்டாம். உறக்கமும் உணவும் மாறி, விருப்பமான விளையாட்டும் நண்பரும் கசந்து, இரண்டு வாரம் கடந்தும் தெளியவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உடலில் தானே உண்டாக்கிய காயம், நேசித்த பொருள்களைத் திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுதல், நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி என்பது போன்ற பேச்சு, இவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பிள்ளையைத் தனியே விடவும் கூடாது. 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, கண்ணா?' என்று நேராகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அஞ்சுகிறோம். அப்படி ஆவதில்லை என்றே மருத்துவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள்; கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பாரம் குறைகிறது.

மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம். கட்டணமில்லை, தமிழிலும் மராத்தியிலும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சிநேகா போன்ற அமைப்புகளும், புனேயில் கனெக்டிங் போன்ற அமைப்புகளும் இதே பணியைச் செய்கின்றன. அவர்கள் செய்வது பெரும்பாலும் என்ன தெரியுமா? கேட்பது. நூறோ அதற்கு மேலோ மாணவர் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஜூலையில் நெறிமுறை வகுத்தது. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அவர் இருக்கிறாரா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கொள்ள வேண்டும் என்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம். ஆகவே போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

கட்கித் தாயாரை அடுத்த ஆண்டு மீண்டும் கண்டேன். இந்த முறை நானே சென்று பிள்ளையின் பெயரைக் கேட்டேன். நடந்ததை அவர் சொன்னார். மண்டலப் பாராயணம் இருபது நாள்கூட ஆகவில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும் மகள், தினமும் மாலையில் அண்ணனுடைய அறை வாசலில் கதவில் சாய்ந்து அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாளாம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. கணக்கு வராதபோது உரக்கக் கேட்பாள், பதில் வராது. ஒருநாள் உள்ளேயிருந்து பதில் வந்தது. பல நாள் கழித்து, கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே, தனக்கு இரவெல்லாம் பயமாக இருக்கிறது, இருக்கவே பிடிக்கவில்லை என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். குழந்தை ஓடிவந்து தாயிடம் சொன்னாள். அன்றிரவே தந்தை மருத்துவரைத் தேடிப் போனார்.

அந்த ஆண்டுத் தேர்வை அவன் எழுதவில்லை. உறவினர் சிலர் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்களாம். சில வாரம் நன்றாக இருப்பான், சில நாள் மீண்டும் வாடுவான் என்றார். நான் சொல்லிக் கொடுத்த ஸ்தோத்திரத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மையார் பதறிப்போய், "அதை விடவில்லை ஐயா. விளக்கேற்றி அதைச் சொல்லி முடிக்கும்போது அவனுக்கு மாத்திரை நேரம். மறக்காமல் இருக்கிறது" என்றார். பின்னால் நின்ற பையன், அது மிகவும் நீளம் என்றான்.